ஆயில் ஆறும் வரை

அந்த லாரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற காலையில் அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே, வலது கையின் ஒற்றை விரலை ஸ்டியரிங் வளையத்தின் மேல் வைத்து அதைச் சுற்றிக் காட்டினார். பெருத்த முன் சக்கரங்கள் இரண்டும் வாசல் மண்ணை நறநறவென்று அரைத்துக்கொண்டு ஒரு பக்கம் திரும்பின. விரலை மறுபடி அசைத்ததும் மறுபக்கம் திரும்பின. தெருவில் கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வாசற்படியில் நின்றிருந்த அண்ணி லாரியையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் எழுபதுகளின் கடைசியில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியைப் பற்றித்தான் பேச்சு. மானாவாரிக் காட்டு வெள்ளாமையை நம்பியிருந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒன்றிரண்டாகச் சேர்ந்து வண்டி போட ஆரம்பித்திருந்தன. எங்கள் வண்டியை அண்ணன் ஓட்டுவார். துளை போடும் இயந்திரத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் வேலை முடிந்து குழாய்களைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது கொக்கியிலிருந்து நழுவிய குழாய் ஒன்று அண்ணனின் வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அந்தக் கை பிடிக்கும், இழுக்காது. சோற்றைப் பிசையலாம், சட்டைப் பொத்தான் போடலாம். ஆனால் அந்தக் காலத்து ரிக் லாரியின் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப முடியாது. அதற்கு இரண்டு தோளும் முதுகும் சேர்ந்து உழைக்க வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு அண்ணன் ஒருமுறை களத்தில் நின்ற வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார்; அசையவில்லை. இறங்கி வந்து கைகால் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். அதன்பின் டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் டிரைவர்கள்.

அப்போதுதான் பட்டாளத்தில் ஓட்டிக் கழித்த லாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறதென்று சேதி வந்தது. காடுமேடு எல்லாம் ஏறுவதற்கென்று செய்த வெளிநாட்டு வண்டி. முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதைவிட எங்களுக்கு முக்கியம், அதில் பவர் ஸ்டியரிங் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் அப்போது அதைப் பெயராகக் கேள்விப்பட்டவர்களே குறைவு. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்னப் பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும். சக்கரத்தைத் திருப்பும் பாரத்தை அந்த ஆயில் சுமந்துகொள்ளும். அண்ணனின் தோள் செய்ய முடியாததை ஆயில் செய்யும் என்று நான் அண்ணியிடம் விளக்கியபோது, அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அந்த ஆயிலுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அவ்வளவுதான தம்பி?" என்றார்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி, இதன் முதுகில் ரிக்கை ஏற்றினோம். தார்ச்சாலையில் ஓடும்போது குறையே இல்லை. காட்டுக்குள் இறங்கியதும் வேறு கதை. உழுத மண்ணில் சக்கரம் புதையப் புதைய, வரப்புக்கும் பனைமரத்துக்கும் நடுவே முன்னால் எடுத்துப் பின்னால் எடுத்து வண்டியை நிறுத்த வேண்டும். சக்கரத்தை ஒரே பக்கமாக முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போது, பம்ப் தள்ளுகிற ஆயில் போக வழியில்லாமல் தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். சூடேறினால் தண்ணீராய் இளகி நுரைக்கும். முதலில் ஒரு கருகல் வாடை வரும். அடுத்து பம்ப் கீச்சென்று கத்தத் தொடங்கும். அதற்கப்புறம் ஸ்டியரிங் கல்லாகிவிடும். விரலால் சுற்றிய வளையம் இரண்டு கையால் தொங்கினாலும் அசையாது. பம்ப் ஆறும் வரை ஏதாவது ஒரு மரத்தடியில் காத்திருக்க வேண்டியதுதான். அவசரம் என்றால் அண்ணன் அந்தத் தோளைக் கொடுத்து இழுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தோள் வீங்கியிருக்கும்.

அதை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. அவர் வைக்கோற்போர் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, தோளை மறைத்துக் குளிப்பதை அண்ணி கவனித்துவிட்டார். மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அவர் சோற்றுத் தூக்குடன் வந்து கேபினில் ஏறி இடதுபக்கம் உட்கார்ந்தார்.

"என்ன அம்மிணி இது? எறங்கு, பாக்கறவிய சிரிப்பாங்க" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டுமுங்க. ரெண்டு கை கூட இருந்தா நல்லதுதான?"

"ஒரு ஆளைப் போட்டுக்கறேன்."

"எந்த ஆளையும் நீங்க ஸ்டியரிங்கத் தொட உட மாட்டீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

உண்மைதான். வண்டியில் வந்த வேலையாட்களில் எவரையும் அண்ணன் அந்த வளையத்தைத் தொட விட்டதில்லை. நான் உதவலாம் என்றால், வண்டி பின்னால் வரும்போது கீழே நின்று வழி சொல்ல ஆள் வேண்டும். அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அண்ணன் கியரைப் போட்டார். அன்று முதல் அண்ணி கேபினில் வந்தார். ஊரில் பேச்சுக் கிளம்பத்தான் செய்தது. பொம்பளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிக் ஓட்டுகிறான் என்றார்கள். தோட்டத்து வீடுகளில் சிலர் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சில வீடுகளில் பெண்கள் கேபினை எட்டிப் பார்த்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று ரகசியமாக விசாரித்தார்கள். அண்ணன் முதல் மாதங்களில் வழியெல்லாம் பேசாமல் ஓட்டினார். வெட்கமும் கோபமும் அவருக்குள் எந்த அளவில் கலந்திருந்தன என்று எனக்கு இன்றும் தெரியாது.

அண்ணி மட்டும் எல்லாவற்றையும் கவனித்தபடி இருந்தார். பானெட்டைத் திறந்தால் ஆயில் திரும்பி வரும் ரப்பர்க் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வாடை வருவதற்கு முன்பே பம்பின் சத்தம் மாறுவது அவர் காதுக்குப் பிடிபட்டது. "சித்த நிறுத்துங்க" என்பார், அண்ணன் நிறுத்துவார். ஈரச் சாக்கை ஆயில் நிற்கும் டப்பாவின் மேல் சுற்றிப் பார்த்தோம். சாக்கு காய்ந்ததும் பழையபடி சுட்டது. மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி ஆயில் மோர் மாதிரி வெளுத்துப்போனதுதான் மிச்சம். கெட்டியான வேறு ஆயிலை ஊற்றியும் பார்த்தோம். அது காலையில் இறுகிக்கொண்டது, மதியத்தில் அதுவும் இளகியது.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தண்டை ஒரு தென்னந்தோப்பில் நடந்ததை நினைத்தால் இப்போதும் என் கால் கூசும். கோடை. தோப்புக்காரரின் கிணறு வற்றி, அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் கிடந்தது. ஓரச்சுவர் இல்லாத பெரிய வெட்டுக்கிணறு. அதற்குப் பக்கத்திலேயே துளை போட வேண்டும் என்றார். கிணற்றிலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடு ஒருபக்கம், தென்னை வரிசை மறுபக்கம். நடுவில் வண்டி நுழைந்து திரும்ப வேண்டும். அண்ணன் மறுபடி மறுபடி முன்னும் பின்னுமாக எடுத்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. "நிறுத்துங்க, கத்தப்போகுது" என்று அண்ணி சொன்னது கீழே நின்ற எனக்கே கேட்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள் பம்ப் கத்திவிட்டது.

வண்டி அப்போது கிணற்றைப் பார்த்த சரிவில் இருந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, அவற்றுக்குக் கீழே இருந்த கொட்டு மண் நிற்கவில்லை. முழு வண்டியும் மெதுவாக, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல, இடதுபக்கமாகச் சரிந்தது. பின்னால் எடுக்கப் பார்த்தார். சக்கரம் மண்ணைப் பறித்து வீசியதே தவிர வண்டி ஏறவில்லை; இன்னும் கொஞ்சம் சரிந்தது. இடது முன் சக்கரத்துக்கும் கிணற்று விளிம்புக்கும் நடுவில் ஓர் ஆள் கால் வைத்து நிற்கும் இடம்தான் இருந்தது. விளிம்பிலிருந்து மண் உதிர்ந்து அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. வலதுபக்கம் பாறைத் தரை. சக்கரத்தை அந்தப் பக்கம் ஒடித்து முன்னால் எடுத்தால் தப்பலாம். ஸ்டியரிங்தான் கல்லாகிக் கிடந்தது.

நான் அண்ணன் பக்கத்துப் படிக்கு ஓடினேன். "நீ கிட்ட வராத, வண்டி அசையுது!" என்று கத்தினார். பிறகு அண்ணியிடம், "அம்மிணி, எறங்கீரு" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அண்ணி தன் பக்கத்துக் கதவு வழியாகக் கீழே பார்த்தார். "எங்கீங்க எறங்கறது? கெணத்துக்குள்ளயா?"

அண்ணி இருக்கையை விட்டு நகர்ந்து, ஒரு காலை இன்ஜின் மூடியில் உதைத்து ஊன்றிக்கொண்டு, வளையத்தின் இடதுபுறத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "நீங்க இழுங்க, நான் தள்றேன். ஒட்டுக்கா, ரெண்டு பேரும் சேந்து."

நான் வெளியே நின்று பார்த்தேன். இரண்டு பேரின் முகமும் கன்றிப்போயிருந்தது. வளையம் கொஞ்சம் அசைந்தது, நின்றது. அண்ணி மூச்சை விட்டு மறுபடி பிடித்தார். "இன்னொருக்கா... ஒட்டுக்கா!" சக்கரம் மண்ணை அறுத்துக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பியது. அண்ணன் கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை இடதுபக்கம் அமிழ்ந்து, உறுமிக்கொண்டு பாறைமேல் ஏறியது. அது இருந்த இடத்தில் விளிம்பு மண் பெயர்ந்து கிணற்றுக்குள் போனது.

அண்ணன் இறங்கித் தென்னையடியில் உட்கார்ந்தார். தோப்புக்காரர் கொடுத்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். கடைசியில், "வித்துப் போடலாந் தம்பி. இன்னைக்கு உன்ற அண்ணியக் கொன்னே போட்டிருப்பேன்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அண்ணிதான் வளையம் பதிந்து சிவந்த உள்ளங்கைகளைச் சேலையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஆயிலு சுடறதுதான் குத்தம். இன்ஜின் சுடுதுன்னு அதுக்கு ரேடியேட்டர் வெக்கலீங்களா? இதுக்கும் ஒண்ணு வெக்கறதுக்கு யாராச்சும் இல்லாமயா போயிருவாங்க?"

சேலத்தில் அம்மாபேட்டை போகும் வழியில், ரேடியேட்டர் ஒட்டும் பட்டறை வைத்திருந்த ஒரு பாய் இருந்தார். அண்ணனை விட மூத்தவர். ஆயிலை ஆற்றுவதற்கென்று தனியாக எதையும் அதுவரை அவர் செய்ததில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "செஞ்சு பாக்கலாம்மா. சரியா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னார். செம்புக் குழாயில் மண் நிரப்பி, நசுங்காமல் வளைத்து வளைத்து, மெல்லிய பித்தளைத் தகடுகளை அதன்மேல் பற்றவைத்தார். பம்பிலிருந்து அழுத்தத்தோடு போகும் வழியை விட்டுவிட்டு, வேலை முடிந்து டப்பாவுக்குத் திரும்பும் வழியில் அதைச் சேர்த்தார். அங்கே அழுத்தம் குறைவு, பற்றவைத்த இடம் தாங்கும். நல்ல காற்றுப் படட்டும் என்று கேபினுக்கு வெளியே பக்கவாட்டில் மாட்டினார்.

சேலத்திலிருந்து ஊர் வரும்வரை அண்ணி அடிக்கடி இறங்கித் தொட்டுப் பார்த்தார். ரப்பர்க் குழாய் சுடவே இல்லை. அண்ணன் வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். மறுநாள் காட்டில் இறங்கியதும், மதியத்துக்கு முன்பே பம்ப் கத்தியது. அன்று அண்ணன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த தடவை பட்டறைக்கு அண்ணியும் நானும்தான் பஸ் ஏறிப் போனோம். பாய்க்கு வருத்தமாகிவிட்டது. "காத்து நல்லாப் படற எடத்துலதானேம்மா வெச்சேன்? இதுக்கு மேல என்ன செய்ய?"

"ரோட்டுல ஓடயில நல்லா ஆறுதுங்க பாய். நானே தொட்டுப் பாத்தேன். காட்டுலதான் ஆற மாட்டீங்குது" என்றார் அண்ணி. "காட்டுல ஏதுங்க காத்து? வண்டி எறும்பாட்ட நகருது. நின்ன எடத்துலயே நிக்குது."

பாய் பட்டறைக்குள் கண்ணை ஓட்டினார். ஒரு மூலையில் பழுது பார்க்க வந்த கார் ஒன்று இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. அதன் முகப்பில் ஒட்டிக்கொண்டிருந்த காய்ந்த புளிய இலை ஒன்று, விழாமல் அங்கேயே படபடத்துக்கொண்டிருந்தது. பாய் போய் அதை எடுத்தார், விட்டார். இலை மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

"நின்னாலும் ஃபேன் காத்தை இழுக்குதே தங்கச்சி" என்றார். "வண்டிய நாளைக்கே கொண்டாங்க. ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டிர்றேன். இன்ஜின் ஓடற வரைக்கும் அதுக்குக் காத்து உண்டு."

அப்படியே மாட்டினார். இன்ஜினின் ரேடியேட்டருக்குக் காற்று அடைபட்டுவிடக் கூடாதென்று இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டார். சரியாக வந்தால் சொல்லி அனுப்புங்கள், வராவிட்டால் நேரில் வாருங்கள் என்றார்.

நாமக்கல் பக்கம் ஒரு சோளக்காட்டில் அதைச் சோதித்தோம். அறுவடை முடிந்த செம்மண். வெயிலில் உழவுச் சால் எல்லாம் கட்டி தட்டிக் கிடந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு இடத்தில் துளை போட்டோம். வண்டியை இடம் மாற்றி மாற்றி நிறுத்தினோம். மதியம் கடந்தது. பம்ப் கத்தவில்லை. அண்ணி பானெட்டைத் திறந்து ரப்பர்க் குழாயில் கையை வைத்தார். வழக்கமாகத் தொட்டவுடன் கையை உதறுவார். அன்று வைத்த கையை எடுக்கவேயில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்த முகத்தில் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஏதோ இருந்தது. "சூடு இருக்குது. ஆனாக் கை பொறுக்குது" என்றார்.

வேலை முடிந்து எல்லாவற்றையும் கட்டிய பிறகும் அண்ணன் சாலைக்கு ஏறவில்லை. வெறுங்காட்டில் வண்டியை ஒரு வட்டம் ஓட்டினார். எதிர்ப்பக்கம் ஒடித்து இன்னொரு வட்டம். ஒற்றைக் கையால், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. காட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்து, "ஏனுங்க, போர் போட வந்தீங்களா, காட்ட உழுக வந்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அந்த வண்டியை அண்ணன் பல வருடம் ஓட்டினார். பாய் செய்த செம்புக் குழாய் ஒருமுறைகூட ஒழுகவில்லை. அதே மாதிரி ஒன்றைச் செய்து தரச் சொல்லிப் பிறகு வேறு சிலரும் அவரிடம் போனார்கள். இன்று திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி எந்தெந்த மாநிலத்துக்கோ போகும் ரிக் லாரிகளில் ஆயிலை ஆற்றும் அமைப்பு வாங்கும்போதே இருக்கிறது. இளவட்ட டிரைவர்கள் கைப்பேசியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை ஒடிக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் சிரமத்தை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. சுலபமாக இருப்பதற்காகத்தானே அதையெல்லாம் செய்தது. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணிக்கு இப்போது காது மந்தம்.

அண்ணியைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கிணற்றோரத்தை விட, அந்தச் சோளக்காட்டு வேலைக்கு அப்புறம் வந்த நாட்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மறுநாள் காலை அண்ணி வண்டியில் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் இல்லை. சோற்றுத் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். ஊர்ப்பேச்சும் அடங்கியது. வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி. போகும்போது மட்டும் நான் கேபினில் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஏரியில் கொக்கு இறங்குவதையோ, எதிரில் வரும் வண்டியையோ பார்த்து ஏதாவது சொல்லத் தொடங்கி, பக்கத்தில் இருப்பது நான் என்று கண்டதும் நிறுத்திக்கொள்வார். வழியெல்லாம் பேசாமல் ஓட்டிய அந்த மனிதர் எப்போது பேச ஆரம்பித்திருந்தார் என்பது எனக்குத் தெரியவேயில்லை. வீட்டில் அண்ணி எப்போதும்போல இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், களை வெட்டப் போவார். எங்காவது ரிக் லாரி போகும் சத்தம் கேட்டால் மட்டும் கை கொஞ்சம் நிற்கும்.

சில வாரங்கள் இப்படிப் போயின. ஒரு காலை நாங்கள் கிளம்பினோம். அண்ணன் இன்ஜினை ஓடவிட்டார், கியர் போடவில்லை. ஹாரனை அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. மறுபடி அழுத்தினார். அண்ணி ஈரக்கையோடு வெளியே ஓடி வந்தார்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

அண்ணன் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆயிலு சுடுதான்னு பாக்க ஆளு வேணுமில்ல."

"அதான் இப்பச் சுடறதில்லீங்களே?"

"சுடலைன்னு யாராச்சும் பாத்துச் சொல்லோணுமில்ல."

அண்ணி தெருவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "இருங்க, அடுப்ப அணைச்சுப் போட்டு வாரேன்" என்று உள்ளே போனார். நான் கேபினிலிருந்து இறங்கி, பின்னால் குழாய்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.